கோமாரி மணலுக்கு நாலு டயர்

786

கல்முனை,
14.03.1982, ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஜனாப் ஷரிபுதீன் அவர்களுக்கு, கச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் என் மனைவி, தங்கள் ராத்தா ஹாஜறாவும் மகள் கமீலாவும் சுகமாக இருக்கிறோம். ஜீப் மட்டும் சுகமில்லை. கொழும்பில் தாங்களும் தங்கள் மனைவி மக்களும் நோய்நொடி அண்டாமல் இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம்.

மரியாதை இவ்வளவு போதும், மச்சான். இனி விஷயம். என் ஜீப்புக்கு நாலு டயர் வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் அவை கல்முனையில் வந்து இறங்கவேண்டும். ஏனென்றால் சனிக்கிழமை காலை கோமாரிக் கடற்கரையில் எனக்கு இரண்டாம் சோதனை இருக்கிறது. சாமித்தம்பி என்றொருவர், உனக்குத் தெரியாது, கோமாரியில் கரையில் நின்று இழுக்கிற மூன்று கரைவலைக்குச் சொந்தக்காரர். இந்தச் சீசன் முழுக்கத் தன் மீனை வலையடியிலேயே ஏற்றி, ஐஸ் போட்டு, கல்முனைச் சந்தைக்குக் கொண்டுவரும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம், பத்து வருடமாக நான் எந்தத் தொழிலில் கை வைத்தாலும் மறுநாள் அதே தொழிலில் கை வைக்கும் ஆதம்பாவா, தன் டிரக்டரோடு. முதல் சோதனை நேற்று நடந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போதே எழுதினால் டயரை மறந்துவிடுவேன்.

முதலில் டயர். இது சந்தைக்குப் போய்வருகிற சின்ன ஜீப் இல்லை. அரசாங்க ஏலத்தில் எடுத்த நீட்டு லாண்ட்றோவர், நாலு சில்லும் இழுக்கும், பின்னால் பெட்டி கட்டிப் பதினைந்து சாக்கு நெல் ஏற்றுகிறேன். காலையில் வட்டைக்குள் போகிறது. நீ கொழும்புக்காரனாகி வயல்வெளிக்குப் பெயர் வட்டை என்பதையே மறந்திருப்பாய். அங்கே வாய்க்கால் ஓரத்தில் முழங்காலளவு சேறு. பிறகு தார் ரோட்டில் என் அரிசி மில்லுக்கு வருகிறது. பிறகு நாற்பது மைலுக்குக் கிட்டத் தெற்கே ஓடிக் கோமாரி மணலில் இறங்கவேண்டும். சேற்றுக்குப் பல் பெரிய டயர் வேண்டும். மணலில் அதே பல் கிணறு தோண்டும். தார் ரோடு அந்தப் பல்லை ஆறு மாதத்தில் தின்று முடிக்கும். ஆக, மூன்று தரை, ஒரு ஜீப், நாலு சில்லு. இதற்கு எந்த டயர் என்று நான் இரண்டு மாதமாக விசாரிக்கிறேன். விசாரிக்க விசாரிக்க எனக்குத் தெரிந்ததெல்லாம், கேட்டவர்களில் ஒருவனும் தன் லாபம் பாராமல் பதில் சொல்லவில்லை என்பதுதான்.

இங்கே புதிதாக ஒரு டயர்க் கடை திறந்திருக்கிறார்கள். ஜப்பான் சாமான் வரத் தொடங்கிய பிறகு எல்லாவற்றுக்கும் கடை. உள்ளே கால் வைத்ததும் கடைக்காரன், "வாங்க ஹாஜியார்" என்றான். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. போகாதவனை ஹாஜியார் என்று கூப்பிடுகிறவன் பழைய டயரையும் புதிய டயர் என்றுதான் கூப்பிடுவான், இதை மனதில் வை. ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். "இது சேத்துலயும் போகும், மணல்லயும் போகும், தாருலயும் போகும் ஹாஜியார். எல்லாத் தரைக்கும் ஒண்டுதான்." கூடவே ஒரு படம் காட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் மலை உச்சியில் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறான். நான் கேட்டேன், "தம்பி, இதுல வட்டை எங்க? கடல் எங்க?" அவன், "மலையிலேயே ஏறுதே ஹாஜியார்" என்றான். மலையில் எனக்கு என்ன வேலை? மச்சான், கஞ்சிக்கும் நல்லம், நெய்ச்சோற்றுக்கும் நல்லம், பிட்டுக்கு இடிக்கவும் நல்லம் என்று ஒரே அரிசியை விற்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும். நான்தான் அது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் நனைந்த நெல்லையெல்லாம் அப்படித்தான் விற்று முடித்தேன். ஆகவே டயரை மோந்து பார்த்தேன், நகத்தால் கீறிப் பார்த்தேன், வீட்டில் கேட்டு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஜும்மா முடிந்து தேத்தண்ணிக் கடையில் இதைப் பற்றி வாய் திறந்தது என் பிழை. ஆளுக்கொரு டயர் சொன்னார்கள். ஆதம்பாவா மட்டும் எழுந்து வந்து என் தோளில் கை போட்டு, "மச்சான், டிரக்டர் டயர் மாதிரிப் பல் பெருத்ததாப் பாத்துப் போடு. மணலக் கவ்விப் புடிச்சிரும்" என்றான். அவன் என் தோளில் கை போட்டது இதற்கு முன் ஒரே ஒரு தடவை, பாண்டிருப்பில் நான் பேசி முடித்த தேங்காயைத் தான் வாங்கிய அன்று. அந்த நிமிடமே பல் பெருத்த டயர் என் கணக்கில் அடிபட்டுப் போயிற்று.

இப்போது ஜீப்பில் இருக்கிற டயரைப் பற்றி எழுதவேண்டும். கோபிக்காதே. அவை போன வருடம் நீ கொழும்பில் பார்த்து எடுத்து அனுப்பியவை. பார்வைக்குக் குறையில்லை. ஆனால் கோமாரியில் தேங்காய் ஏற்றப் போகத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு முறை ஜீப் திரும்பி வரும்போதும் நாலு டயரும் தொய்ந்து போய் வருகின்றன. நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறவன். முப்பது வருடமாக நெல்லுச் சாக்கை அழுத்திப் பார்த்த விரல் இது. சாக்கு வாய் தைத்தபடி இருக்கும், வயிறு மட்டும் தொய்ந்திருக்கும். அப்படியென்றால் வழியில் யாரோ ஊசிக் குழாயைக் குத்தி நெல்லை உருவியிருக்கிறான். இதில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. ஒரு டயர் தொய்ந்தால் ஆணி. நாலும் ஒரே அளவில் தொய்ந்தால் அது ஆணியில்லை, ஆள். ஒன்றில் கொழும்பிலேயே இரண்டாந்தரச் சாமானை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள், அல்லது நீ தெரிந்தே எடுத்திருக்கிறாய். கடைக்காரன் உனக்கு ஏதும் தந்தானா என்று நான் கேட்கவில்லை. தந்திருந்தால் நீயே சொல்லுவாய் என்று மட்டும் எதிர்பார்க்கிறேன்.

டிரைவர் பக்கீரைக் கேட்டேன். பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறான். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்கிறான்: "நான்தான் மொதலாளி காத்தத் தொறந்து உட்ட. மணலுக்கு எறங்கக்குள்ள காத்தக் கொறைக்கோணும். டயர் பரந்து நிண்டாத்தான் தாழாது. ஒட்டகத்துட காலப் பாருங்களன்."

"ஒட்டகத்த நீ எங்கடா கண்ட? கல்முனையில எந்தக் கடையில கட்டியிரிக்கு?" என்றேன்.

"படத்துல கண்ட மொதலாளி" என்றான். மறுபடியும் படம்! குறைத்துக் கொடுத்தால்தான் நன்றாக ஓடும் என்று ஒரு மனிதன் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். சாக்கில் நெல் குறைந்தபோது வயற்காரன் ஒருவன் சொன்னதும் இதேதான், "நெல்லு நல்லாக் காஞ்சிட்டு மொதலாளி, அதான் சுருங்கிட்டு" என்று. அதோடு நின்றானா? கோமாரியிலிருந்து திரும்பும்போது தார் ரோட்டுக்கு ஏற்றபடி மறுபடி காற்றடிக்கவேண்டுமாம். அக்கரைப்பற்றில் ஒரு கடையில் அடிக்கலாமாம். அதற்குக் காசு வேண்டுமாம். "காத்துக்குக் காசா?" என்றேன். "அல்லாஹ் சும்மா தந்திரிக்கிற சாமான், அதுக்கு நீ பில்லுக் கொண்டாறியா?" அப்படியென்றால் காலால் மிதித்து அடிக்கிற பம்பு ஒன்று வாங்கித் தாருங்கள் என்றான். திறந்து விடுவது அவன், அடிக்கப் பம்பு வாங்குவது நான். இந்த வியாபாரத்தை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஆகவே முதல் சோதனைக்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். நாலு டயருக்கும் என் கண் முன்னால் கல்லுமாதிரிக் காற்றடிப்பித்து, வால்வு மூடி ஒவ்வொன்றுக்கும் மேலே அரக்கு உருக்கி ஊற்றி, மில்லில் சாக்கு வாய்க்கு வைக்கிற என் முத்திரையைக் குத்தினேன். பக்கீர் பார்த்துக்கொண்டு நின்றான். "மொதலாளி, கோமாரிக்குப் போறமா, கோட்டுக்கு வழக்குப் பேசப் போறமா?" என்று கேட்டான். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காரைதீவு, திருக்கோவில் எல்லாம் தாண்டிப் போகும்வரை ஜீப் துள்ளித் துள்ளிக் குதிரை மாதிரிப் போயிற்று, எனக்கு முதுகு வலித்தாலும் மனம் குளிர்ந்தது. தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் பக்கீர் ஜீப்பை நிறுத்தினான். "மொதலாளி, ஒரே ஒரு முத்திரய ஒடச்சிப் பாப்பமா?" என்றான். "கைய வெச்சா வேலை போகும்" என்றேன். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிவிட்டு ஜீப்பை மணலில் விட்டான்.

அறுபது யார் தூரம் போயிருக்கும். அதற்குப் பிறகு முன்சில்லு இரண்டும் தாழ்ந்தன. பின்சில்லு மண் வாரி இறைத்தது. மூன்று நிமிடத்தில் ஜீப் வயிற்றை மணலில் வைத்துப் படுத்துவிட்டது, கன்று போடப்போகிற எருமை மாதிரி. வலையடியில் துடிக்கிற மீன் அங்கே, ஐஸ்பெட்டியோடு நான் இங்கே. சாமித்தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். "காக்கா, மீனேத்த வந்தீங்களா, மணலேத்த வந்தீங்களா?" என்றார். பிறகு தன் ஆட்கள் இருபது பேரைக் கூப்பிட்டார். அவர்கள் கரைவலைக் கயிற்றையே ஜீப்பில் கட்டி, வலை இழுக்கிற அதே அம்பாப் பாட்டைப் பாடி இழுத்தார்கள். ஒரு வரி பாடுவதும் சிரிப்பதும். கடைசியில் ஒருவன், "அண்ணே, இண்டைக்குப் பட்டதில இதுதான் பெரிய மீன்" என்றான். அதுவும் பொறுத்தேன். அந்த நேரம் பார்த்து ஆதம்பாவாவின் டிரக்டர் டபடபவென்று என்னைத் தாண்டிப் போய் மீனை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. ஆதம்பாவா மட்காட்டில் குந்தியிருந்தபடி எனக்கு ஸலாம் சொன்னான். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை, சொன்னேன்.

சாமித்தம்பி நல்ல மனிதர். "அடுத்த சனி இன்னொருக்கா வாங்க. அதுக்கும் ஏலாட்டி டிரக்டருக்குத்தான் குடுக்கிற" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் பக்கீரைப் பார்த்தேன். அவன் வாய் மூடியிருந்தது, ஆனால் மீசை சிரித்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் ஜீப்பின் திறப்பை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். ஆதம்பாவாவிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு காற்றைத் திறந்தவன் அவன் என்பதில் எனக்கு முக்கால்வாசிச் சந்தேகம். காற்றைத் திறக்காமலே தாழ்ந்ததே, அது எப்படி என்று உன் ராத்தா கேட்கிறாள். அந்தக் கால்வாசிக்குத்தான் டயர் மாற்றுகிறேன். அவள் நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

இனி நீ செய்யவேண்டியதைக் கவனமாக வாசி. நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகாதே. லாண்ட்றோவருக்கு என்று வாய் திறக்காதே, முதலில் சைக்கிள் டியூப் விலை கேள். எல்லாத் தரைக்கும் போகும் என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கு. மலைப் படம் காட்டினால் ஓடு. உனக்குக் கண்ணால் காட்ட ஒன்றும் இல்லை என்பதால் நான் மாதிரி அனுப்புகிறேன். அரிசிக்கு மாதிரி பார்க்காமல் நான் வாங்கியதில்லை, டயருக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது? இந்தக் கடிதத்தோடு இரண்டு பொட்டலம் வரும். ஒன்றில் வட்டைச் சேறு, அது இப்போதே கட்டி வைத்தாயிற்று, காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காட்டு. மற்றதில் கோமாரி மணல். அதை நாளைக்கு நானே போய் அள்ளி வருவேன். வேறு ஆளை அனுப்பினால் பாண்டிருப்புக் கடற்கரையில் அள்ளிக்கொண்டு வந்து இதுதான் கோமாரி என்பான். இரண்டையும் கடைக்காரன் மேசையில் கொட்டி, "இது ரெண்டுலயும் ஓடுற டயர் எது?" என்று கேள். விழிக்கிறவன் நேர்மையானவன், உடனே பதில் சொல்கிறவன் கள்ளன். கடிதம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழும்பு லொறியில் கைக்கடிதமாக வருகிறது, அதே லொறியில் டயரை ஏற்றி விடு.

இங்கு எல்லோரும் உனக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்கிறார்கள். உன் ஆயுளையும் உழைப்பையும் அல்லாஹ் பறக்கத்தாக்கி வைப்பானாக, உன் கண்ணில் கள்ளச் சாமான் படாமல் காப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்,
கச்சிமுகம்மது.

பி.கு.: செவ்வாய், ளுஹருக்குப் பின். மச்சான், டயர் எடுக்காதே.

நேற்று மணல் அள்ளப் போனேன். நானே ஓட்டினேன். கருவாடு தானே பார்த்து வாங்கவேண்டும், நான் வாங்கினால் நாறுகிறது என்று உன் ராத்தாவும் ஏறிவிட்டாள். தோப்பு முடிகிற இடத்தில் ளுஹர் நேரமாயிற்று. ஜீப்பை நிறுத்திவிட்டுத் தென்னை நிழலில் தொழுதேன். ஸலாம் கொடுத்து முடிகிறபோது பின்னால் 'உஸ்ஸ்' என்று சத்தம். பாம்பு என்று துள்ளி எழும்பினேன். பாம்பில்லை, உன் ராத்தா. நாலாவது டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கொண்டை ஊசியால் வால்வை அழுத்திக்கொண்டிருக்கிறாள். மடியெல்லாம் என் அரக்கு.

"என்ன கா செய்யிறாய்? என்ட முத்திரைய ஒடைக்க ஆரு சென்ன?"

"ஏறுங்க கமீலாட வாப்பா."

"காத்தில்லாம எப்பிடிப் போற?"

"ஏறுங்க எண்டன். போகாட்டி நான் எறங்கித் தள்ளுறன்."

ஏறினேன். போயிற்று, மச்சான். தொய்ந்த நாலு டயரும் மணலில் பரந்து, நண்டு மாதிரி ஓடி, ஈரக்கரை வரைக்கும் போய்த் திரும்பி, சாமித்தம்பியின் வலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அவர் எழுந்து நின்று பார்த்தார். "டயர மாத்திட்டீங்க போல காக்கா?" என்றார். "கொழும்பு டயர். என்ட மச்சான் தெரிஞ்செடுத்தது" என்றேன். பொய் இல்லையே. போன வருடம் நீதானே எடுத்தாய். உன் ராத்தா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனி சனிக்கெழமை என்னத்துக்கு? சீசன் முழுக்க நீங்களே ஏத்துங்க" என்று சாமித்தம்பி அங்கேயே சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் மணல் அள்ள மறந்துவிட்டேன்.

வழியில் கேட்டேன், இதை யார் படிப்பித்தது என்று. "பக்கீர்ட பொஞ்சாதி சுபைறா. ரெண்டு மாசத்துக்கு முந்தியே சென்னாள். நானும் ஒங்களுக்குச் செல்ல வந்தன். பம்பு எண்ட சொல்லு வந்த ஒடன ரேடியோவக் கூட்டி வெச்சிட்டீங்க" என்றாள்.

அக்கரைப்பற்றில் காசு கொடுத்துக் காற்றடித்தேன். நாலு டயருக்கும். பில் கேட்டேன், இல்லை என்றான். மறுநாளுக்குத் தள்ளாமல் நேரே பக்கீர் வீட்டுக்குப் போனேன். வேலி கட்டிக்கொண்டிருந்தான்.

"பக்கீர், ஜீப் மணல்ல ஓடிச்சு" என்றேன்.

"ஓடும் மொதலாளி."

"காத்தக் கொறச்சம்."

"ஓம் மொதலாளி."

கம்பியை முறுக்குகிறான். இவன் இரண்டு வார்த்தை ஏசினால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் செஞ்சது பிழை. மாப்புத் தா" என்றேன், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கும்படி. அவன் கம்பியைக் கீழே வைத்தான்.

"மாப்பு இரிக்கட்டும் மொதலாளி. பம்பு எங்க?"

ஆகவே நாலு டயருக்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று எடுத்து அனுப்பு, நல்லதாக. மூன்றாம் பக்கத்தில் உன்னையும் கடைக்காரனையும் பற்றி எழுதியதை வாசிக்காமல் விட்டுவிடு. நான் கிழித்திருப்பேன், அதன் பின்பக்கத்தில் நாலாம் பக்கம் இருக்கிறது, தாள் சும்மா வருவதில்லை. சேற்றுப் பொட்டலத்தைக் கொட்டிவிடு.

இன்னும் ஒன்று. இன்று காலை ஆதம்பாவா வந்தான். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தான், டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். அவனும் ஏலத்தில் ஒரு ஜீப் எடுக்கப்போகிறானாம், இதே டயர்தான் வேண்டுமாம், உன் விலாசம் கேட்டான். கொடுத்தேன். உனக்கு எழுதுவான். அவனுக்கு எல்லாத் தரைக்கும் போகிற டயராகவே, மலைப் படம் போட்டதாகவே பார்த்துக் கொடு. அதில் கடைக்காரன் உனக்கு என்ன தந்தாலும் நான் கேட்கமாட்டேன். பம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே. இந்தக் கடைசிப் பந்தியை உன் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.